மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: மும்பைக்குள் ஒரு தமிழ் ஊர்

மும்பைத் தீவின் வடக்கு விளிம்பில் மாட்டுங்காவும் தாராவியும் அடுத்தடுத்து இருக்கின்றன. தீவைத் தாண்டிச் சற்றுக் கிழக்கே செம்பூர். மூன்றையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தால் ஏழெட்டு கிலோமீட்டர்தான் வரும். மும்பைத் தமிழர் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்தக் கோட்டின் மேல் நடந்திருக்கிறது: மாட்டுங்காவில் அலுவலகக் குமாஸ்தாக்களும் சங்கீத ரசிகர்களும், தாராவியில் திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் தொழிலாளர்களும் இட்லி வியாபாரிகளும், செம்பூரில் இரண்டாம் தலைமுறையின் அடுக்குமாடி வீடுகளும்.

டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று பார்க்கும் காட்சிகள் இங்கே அநேகமாக இல்லை. இருக்கும் இரண்டு கோட்டைகளும் சிதைந்தவை. புகழ்பெற்ற சினிமா ஸ்டூடியோ விற்கப்பட்டுவிட்டது. பார்க்க வேண்டியவை நேரத்தோடு கட்டுண்டவை. காலை ஏழு மணிக்கு மல்லிகை மணக்கும் தெரு பதினோரு மணிக்கு வெறும் போக்குவரத்து நெரிசல். பகல் பன்னிரண்டுக்கு இலை போடும் சாப்பாட்டுக்கடை நான்கு மணிக்குப் பூட்டிக் கிடக்கும். மாலையில் சபா வாசலில் நிற்கும் கூட்டத்தைக் காலையில் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆகவே இந்த அத்தியாயம் ஒரு நாளின் போக்கில் செல்கிறது.

வந்து சேர்வது

தமிழ்நாட்டு ரயில்கள் பலவும் குர்லாவிலுள்ள லோக்மான்ய திலக் டெர்மினஸில் முடிகின்றன. உள்ளூர்த் தமிழர் வாயில் அது எல்.டி.டி. செம்பூர் அங்கிருந்து மிக அருகில். திலக் நகர் புறநகர் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வரும் சாளுக்யா எக்ஸ்பிரஸ் தாதரில் நிற்கும். தாதருக்கு அடுத்த நிலையமே மாட்டுங்கா என்பதால் அதில் வருகிறவர்களுக்கு அலைச்சல் குறைவு.

புதிதாக வருகிறவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. மாட்டுங்காவுக்கு மூன்று ரயில் நிலையங்கள். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, துறைமுகத் தடத்தில் கிங்ஸ் சர்க்கிள். கோயில்களுக்கும் பூக்கடைகளுக்கும் முதலாவது வசதி; கச்சேரி நடக்கும் சண்முகானந்தா அரங்குக்கு மூன்றாவது. மாட்டுங்கா ரோட்டில் இறங்கிவிட்டால் பாதகமில்லை. தண்டவாளங்களுக்கு மேலே வளைந்து போகும் 'இசட் பிரிட்ஜ்' என்ற நடைபாலத்தைக் கடந்து கிழக்கே வந்துவிடலாம். மத்திய தடத்தில் ஸ்லோ ரயில்கள் மட்டுமே மாட்டுங்காவில் நிற்கும். ஃபாஸ்டில் ஏறினால் குர்லாவுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆட்டோவுக்கும் ஓர் எல்லை உண்டு. தீவு நகரத்துக்குள் ஆட்டோ ஓட அனுமதி இல்லை. செம்பூரிலிருந்து ஏறினால் சயானில் இறக்கிவிடுவார்கள். அதற்குத் தெற்கே கறுப்பு-மஞ்சள் டாக்சி, பேருந்து அல்லது நடை.

மாட்டுங்கா: காலை

மாட்டுங்கா ரயில் நிலையமே முதல் காட்சி. 2017 ஜூலை முதல் நிலைய மேலாளர், டிக்கெட் கவுண்டர், காவல், துப்புரவு என எல்லாப் பணியையும் பெண்களே பார்க்கிறார்கள். நாட்டில் இப்படி இயங்கத் தொடங்கிய முதல் நிலையம் என்று 2018ஆம் ஆண்டின் லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

கிழக்கு வாசலில் இறங்கியதும் சந்தை தொடங்குகிறது. முருங்கைக்காய், வாழைத்தண்டு, சேனை, சின்ன வெங்காயம், கறிவேப்பிலைக் கட்டு என்று மும்பையின் மற்றக் காய்கறிச் சந்தைகளில் தேடி அலைய வேண்டியவையெல்லாம் இங்கே சாதாரணச் சரக்கு. பண்டார்கர் சாலைப் பக்கம் திரும்பினால் பூக்கடைகள். மல்லிகை, கதம்பம், துளசி மாலை, கல்யாண மாலை எல்லாம் கண்ணெதிரே கட்டப்படுகின்றன. கடைக்காரரிடம் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும். அதே கை அடுத்த நொடியில் குஜராத்தி வாடிக்கையாளருக்கு மராத்தியில் மாலையை நீட்டும். வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின நாளும் வந்தால் நடக்க இடம் இருக்காது. ஆனால் அப்போதுதான் வர வேண்டும்.

இந்தத் தெருக்கள் மும்பையின் மற்றப் பகுதிகளைவிட அகலமாக, மரங்களோடு இருப்பது தற்செயல் இல்லை. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலே காரணம் என்று முடிவுசெய்த அரசு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய வயல்வெளியும் சதுப்பும் கலந்த பகுதிகளை மனை பிரித்துத் திட்டமிட்ட குடியிருப்பாக்கியது அந்த டிரஸ்ட்தான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்களுக்கு, 1920களுக்குப் பிறகு இங்கே எழும்பிய மூன்று மாடி வாடகை வீடுகள் பொருந்திப்போயின. வளைந்த பால்கனிகளோடு நிற்கும் அந்தக் காலக் கட்டடங்களில் பல இன்னும் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கோபுரங்கள் எழுவதையும் அதே தெருவில் பார்க்கலாம்.

கோயில்கள் எல்லாம் நடந்தே பார்க்கும் தொலைவில். ஆஸ்திக சமாஜத்தை 'கொச்சு குருவாயூர்' என்றுதான் பெரும்பாலோர் அறிவார்கள். ராமர், குருவாயூரப்பன், ஐயப்பன் என்று தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து கும்பிடும் இடம். மார்கழிக் காலையில் அங்கே போவது தனி அனுபவம். சங்கர மடம், தென்னிந்திய பஜனை சமாஜம், தெலுங்கு வணிகர்களின் கன்னிகா பரமேஸ்வரி கோயில் ஆகியவை சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முந்தையது மருபாய் காவ்தேவி கோயில். மாட்டுங்கா கிராமமாக இருந்த காலத்து ஊர்த் தேவதை அவள். தென்னிந்தியர் குடியேறுமுன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதை நினைவுபடுத்துவதற்காகவேனும் எட்டிப்பார்க்க வேண்டிய இடம்.

பூஜைச் சாமான், சுலோகப் புத்தகம், பஞ்சாங்கம் வேண்டுவோருக்குக் கிரி டிரேடிங் இருக்கிறது. சென்னை மயிலாப்பூர்க் கடையைத் தெரிந்தவர்கள் அது மும்பைக்குக் கிளை பரப்பியதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மை தலைகீழ். கடை தொடங்கியது மாட்டுங்காவில். சென்னைக்குப் பிறகுதான் போனது.

சாப்பாடு

மாட்டுங்காவுக்கு மும்பையின் மற்றப் பகுதிகளிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்பிடவே வருகிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது: கோயிலும் பள்ளிக்கூடமும் சபாவும் கட்டியதில் தமிழர் பங்கு பெரிது; ஆனால் சமையலறையைப் பிடித்துக்கொண்டவர்கள் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக்காரர்கள். அதனால் சாம்பாரில் வெல்லம் எட்டிப்பார்க்கும். மதுரைக்காரர் முகம் சுளிக்கலாம். இரண்டாம் கிண்ணத்தில் பழகிவிடும்.

கிங்ஸ் சர்க்கிள் அருகே பாவுதாஜி சாலையில் உள்ள கஃபே மெட்ராஸ் 1940இல் தொடங்கப்பட்டது. பெயர்தான் மெட்ராஸ், நடத்துவது காமத் குடும்பம். ராகி தோசை, ரச வடை, பொடி போட்ட வெண்ணெய் இட்லி, பைனாப்பிள் ஷீரா ஆகியவற்றுக்குப் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்திருக்க வேண்டும். மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து உட்கார வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு 1936இல் தொடங்கிய கஃபே மைசூர் பக்கத்தில் உண்டு. நிலையம் பக்கம் ராமாஸ்ரயா உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரே இடம்தான் என்று அடித்துச் சொல்லலாம்: ரயில் நிலையத்துக்கு எதிரே, மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கும் ஏ. ராம நாயக்கின் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 1942 முதல் நடக்கிறது. தட்டுச் சாப்பாடும் உண்டு, வாழையிலைச் சாப்பாடும் உண்டு. இலைதான் எடுக்க வேண்டும். வெங்காயம் பூண்டு வாசனை அடிக்காத சாத்விகச் சமையல். சமையலறையை எட்டிப்பார்க்கவும் தடையில்லை. இந்த வட்டாரத்து உணவகங்கள் பலவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து வந்தவர்கள் பட்டினியோடு திரும்பியிருக்கிறார்கள்.

கிங்ஸ் சர்க்கிள் வட்டத்தின் ஓரத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் கூலார் இரானி கஃபேயில் பழைய மர நாற்காலியில் அமர்ந்து பன் மஸ்காவும் சாயாவும் சாப்பிடுவது உடுப்பிக்கு நடுவே ஒரு மாறுதல். காப்பிப்பொடி வாங்க விரும்புவோர் 'மைசூர் கன்சர்ன்ஸ்' வாசலில் நின்று, சிக்கரி எவ்வளவு என்று சொல்லி அரைத்து வாங்கலாம். அது எந்தப் பக்கம் என்று கேட்கவே தேவையில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்.

கிங்ஸ் சர்க்கிள், ஐந்து தோட்டங்கள், சயான் கோட்டை

கிங்ஸ் சர்க்கிளின் இன்றைய பெயர் மகேஸ்வரி உத்யான். பழைய பெயரே வழங்குகிறது. மாட்டுங்காவில் மேம்பாலத்துக்கு அடியில் நீளமாகப் போகும் நடைபாதைத் தோட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். வண்டிகள் நிறுத்தியும் குப்பை கொட்டியும் வீணாகக் கிடந்த இடத்தைக் குடியிருப்பாளர்கள் போராடிப் பூங்காவாக்கினார்கள். நர்மதை ஆறு போகும் வளைவுகளைப் பின்பற்றி நடைபாதை அமைந்திருக்கிறது. தலைக்கு மேல் லாரி ஓட, கீழே பெரியவர்கள் காலை நடை போவது மும்பைக்கே உரிய காட்சி.

தெற்கே நடந்தால் தாதர் பார்சி காலனியும் ஐந்து தோட்டங்களும். நகர மேம்பாட்டு டிரஸ்ட்டில் பொறியாளராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி தம் சமூகத்தாருக்காக முயன்று உருவாக்கிய குடியிருப்பு அது. தோட்டங்களும் அவர் பெயரையே தாங்கியிருக்கின்றன. மாலை நேரத்துக்கு ஏற்ற இடம். வழியில் 1957இல் எழுந்த டான் பாஸ்கோ மாதா தேவாலயம் வரும்.

வடக்கே சயான் நிலையத்துக்கருகே ஒரு குன்றின் மேல் சயான் கோட்டை. 1669க்கும் 1677க்கும் இடையே, கவர்னர் ஜெரால்ட் ஆஞ்சியர் காலத்தில் கட்டப்பட்டது. அன்று ஆங்கிலேயர் கையில் இருந்த தீவுக்கும் போர்த்துகீசியர் கையில் இருந்த சால்செட் தீவுக்கும் இடையிலான நீரெல்லையைக் கண்காணிக்கும் காவல்கூண்டு அது. சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. ஏறும் படிகளில் கவனம் வேண்டும். கோட்டைக்காக இல்லாவிட்டாலும் உச்சியிலிருந்து தெரியும் காட்சிக்காக ஏறலாம். ஒருபுறம் தாராவியின் தகரக் கூரைகள், மறுபுறம் ரயில் தடங்கள், தூரத்தில் உப்பளச் சதுப்பு: இந்த அத்தியாயம் பேசும் நிலம் முழுவதும் ஒரே பார்வையில் விழும். அந்தி சாயுமுன் இறங்கிவிட வேண்டும்.

தாராவி

ஏறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர் வசிக்கும், அதைவிட முக்கியமாக வேலை செய்யும் இடம் தாராவி. வறுமையை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இந்நூல் உதவாது. பட்டறைகளும் சந்துகளும் பிறர் வீட்டு வாசல்கள் என்ற நினைப்போடு வருகிறவர்களுக்குத் தாராவி தாராளமாகத் திறந்துகொள்ளும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. வழிகாட்டியோடு செல்லும் நடைப்பயணக் குழுக்களில் சில படமெடுப்பதையே தடை செய்திருக்கின்றன. தெரிந்த தமிழர் ஒருவர் கூட வருவது எல்லாவற்றிலும் மேல். 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு டீக்கடை வரை கூட்டிச்செல்லும்.

மித்தி ஆற்றின் ஓரச் சதுப்பில் முதலில் இருந்தது கோலி மீனவர்களின் கிராமம். கோலிவாடா என்ற பெயரில் அது இன்னும் இருக்கிறது. பக்கத்துப் பாந்த்ராவில் ஆடு மாடு அறுக்கும் தொட்டி இருந்ததால் தோல் பதனிடும் தொழில் இங்கே வந்தது. தொழிலோடு திருநெல்வேலிச் சீமையின் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். அவர்கள் எப்போது வந்து காலூன்றினார்கள் என்பதற்கு இரண்டு கட்டடங்கள் சாட்சி. பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டையது. கணேசர் கோயில் 1913இல் கட்டப்பட்டது. இரண்டும் பெரிய கலைச்சின்னங்கள் அல்ல. ஆனால் மாட்டுங்காவில் மாடிவீடுகள் எழுவதற்கு முன்பே தாராவியில் தமிழ் பேசப்பட்டது என்பதை அவற்றைப் பார்க்காமல் நம்புவது கடினம்.

அறுப்புத்தொட்டி 1970களின் தொடக்கத்தில் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பின்னர் மெல்ல மறைந்தன. இன்று பதனிட்ட தோல் வெளியிலிருந்து வர, பை, பெல்ட், சட்டை தைப்பது இங்கே நடக்கிறது. சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டிய கடைகளில் அவற்றை வாங்கலாம். பேரம் பேசுவது வழக்கம். முதல் விலையை யாரும் கடைசி விலையாக எடுத்துக்கொள்வதில்லை.

கும்பர்வாடா தவறவிடக் கூடாத பகுதி. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் குடியிருப்பு. வீட்டு முன்புறம் விற்பனை, நடுவில் சக்கரம், பின்முற்றத்தில் சூளை. சூளைக்குப் பஞ்சாலைக் கழிவை எரிப்பதால் புகை கண்ணைக் கரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் காலையில் வராமலிருப்பது நல்லது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு வந்தால் சந்து முழுக்க அகல்விளக்கு காயும். பழைய பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் பிரித்து நொறுக்கிப் புதுப்பொருளாக்கும் 'தேரா காம்பவுண்ட்' வேறொரு உலகம். அங்கே வழிகாட்டி இல்லாமல் போவது வேலைக்கு இடைஞ்சல்.

தமிழ்த் தாராவியின் நெடுஞ்சாலை நைன்ட்டி ஃபீட் ரோடு. தமிழ்ப் பெயர்ப்பலகைகள், காமராஜர் பெயரில் பள்ளி, தலைவர்களின் படங்கள், முறுக்குக் கடைகள், கறிக்கடைகள். அதிகாலையில் வந்தால் மும்பை முழுவதும் காணும் இட்லிக்காரர்கள் புறப்படுவதைப் பார்க்கலாம். சைக்கிளிலும் தலையிலும் அலுமினியப் பாத்திரம், சட்னி வாளி, ரப்பர் ஹாரன். பொங்கலன்று இந்தத் தெருவே முற்றமாகிவிடும். பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுப்பு மூட்டிப் பானை ஏற்றுவார்கள். மும்பைப் பத்திரிகைகளில் மறுநாள் வரும் பொங்கல் படம் அநேகமாக இங்கே எடுத்ததாக இருக்கும். 'நாயகன்', 'காலா' பார்த்துவிட்டு வருகிறவர்கள் திரையில் கண்ட தெருவைத் தேட வேண்டாம். 'காலா'வின் தாராவியில் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட்.

பேருந்து டெப்போவை ஒட்டி நிற்கும் காலா கில்லா, அதாவது கறுப்புக் கோட்டை, 1737இல் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவால் கட்டப்பட்டது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. சுற்றிலும் வீடுகள் நெருக்கியிருக்கின்றன. வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்வதே உசிதம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர் காடு. கீழே இருப்பது மும்பையின் பழைய குப்பை மேடு. குப்பை கொட்டுவது நின்ற பிறகு மண் போட்டு மூடி, 1983இல் பறவையியலாளர் சாலிம் அலியைக் கொண்டு மரம் நடத் தொடங்கினார்கள். 1994 ஏப்ரலில் பூங்கா திறக்கப்பட்டது. மழைக்குப் பிந்திய மாதங்களில் வண்ணத்துப்பூச்சிகள் ஏராளம். கொசுவும்தான். முழுக்கைச் சட்டை உதவும். மெட்ரோ மூன்றாம் தடத்தில் 2025இல் திறந்த தாராவி நிலையம் இந்தப் பக்கத்துக்கு வசதி.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடந்துவருகிறது. இங்கே சொன்ன சந்துகளில் எது இன்னும் சில ஆண்டுகளில் இதே இடத்தில் இருக்கும் என்பதை உள்ளூரில் கேட்டுத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

செம்பூர்

குப்பைக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு பூங்காவோடு முடியவில்லை. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் ரயில் தடம் போட்டதே நகரக் குப்பையை ஏற்றிச்செல்லத்தான். பயணிகள் ஏறியது 1924இல். மாட்டுங்காவில் இடம் போதாமல் போனபோது, சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ், மலையாளக் குடும்பங்கள் இந்தத் தடத்தைப் பிடித்தே செம்பூருக்கு நகர்ந்தன. பாடகர் சங்கர் மகாதேவனும் நடிகை வித்யா பாலனும் வளர்ந்தது செம்பூரில்தான்.

சேடா நகர் முருகன் கோயில் இங்கே முதன்மை. 'திருச்செம்பூர்' என்று பக்தர்கள் அன்போடு அழைக்கும் இந்தக் கோயிலில் படியேறித்தான் சந்நிதிக்குப் போக வேண்டும்; குன்றில்லாத இடத்தில் குன்றைக் கட்டிக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடிகள் வரும். ரயில் நிலையத்துக்கருகே அகோபில மடத்தின் லட்சுமி நரசிம்மர் கோயில்.

ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோவைத் தேடி இன்னும் ஆட்கள் வருகிறார்கள். 2017 செப்டம்பரில் பெரும் தீவிபத்து. 2019இல் இடம் கட்டுமான நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. பழைய ரசிகர்கள் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு மேல் அங்கே நேரம் செலவிடுவதில் பயனில்லை. அந்த நேரத்தைச் செம்பூர் கேம்ப்பில் செலவிடலாம். பிரிவினையில் வந்த சிந்திகளின் குடியிருப்பு அது. காலையில் தால் பக்வான், எந்நேரமும் ஜாமா கடையின் குலாப் ஜாமூன்.

மாலை: இரண்டு சபாக்கள்

நாள் முடிய வேண்டியது கச்சேரியில். 1952இல் உருவான ஸ்ரீ சண்முகானந்தா சங்கீத சபாவின் அரங்கம், கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தருகே, 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பட்டு 1998இல் கதவு திறந்தது. 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள். கர்நாடக இசைக்கென்று தமிழர் முன்னின்று எழுப்பிய அரங்கங்களில் இந்த அளவுக்கு இன்னொன்று சென்னையில்கூட இல்லை. மாடி இருக்கையிலும் ஒலி நன்றாகக் கேட்கும். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியின் அரங்கம் சிறியது, நெருக்கமானது. அங்கே இசையும் நடனமும் கற்பிக்கும் வகுப்புகளும் நடக்கின்றன. இரண்டு சபாக்களின் நிகழ்ச்சிநிரலையும் முன்கூட்டியே பார்த்துப் பயண நாளை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கச்சேரி இடைவேளையில் கேன்டீன் வடை தீருமுன் கீழே இறங்க வேண்டும்.

எந்த மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்க இதமான காலம். பொங்கலும் மார்கழியும் இதற்குள் வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் கனமழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்பது வாடிக்கை; ரயிலும் நின்றுவிடும். மழைக் கடைசியில் வரும் விநாயகர் சதுர்த்திக்காக வேண்டுமானால் அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். கிங்ஸ் சர்க்கிளில் கௌட சாரஸ்வதர்களின் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் பிள்ளையார் ஐந்து நாள் மட்டுமே இருப்பார். உடம்பு முழுக்கத் தங்கம். வரிசை நீளம். விடியற்காலையில் வந்தவர்கள் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, கஃபே திறக்கும் நேரத்துக்குப் பாவுதாஜி சாலைக்கு வந்துவிடலாம்.